மூன்றாவது பேட்மேன் படம்: கடைசிக் காட்சியில் உங்கள் தியேட்டர் என்ன செய்தது?

பிங்கர்போஸ்ட் அக்கா
ஞாயிறு இரவு 8.50

மூன்று நாளாக ஊட்டியில் விட்டு விட்டுக்கூட இல்லை, விடாமல் மழை. பள்ளிக்கு விடுமுறை. பாடம் நடத்துகிற நானும் பாடம் படிக்கிற என் மகனும் வீட்டுக்குள், கூட எங்கள் அப்பா, ஒரு கம்பளி, ஒரு ஹீட்டர். இயக்குநர் நோலனின் மூன்று பேட்மேன் படங்களும் டிஸ்க்கில் இருந்தன. 2005இல் வந்ததை வெள்ளிக்கிழமை போட்டோம், 2008இல் வந்ததைச் சனிக்கிழமை, 2012இல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' இன்று மதியம். இதற்கு நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது.

மகனுக்குப் பதினொரு வயது. முதல் படத்துக்குச் சோபாவில் இருந்து குதித்தான். இரண்டாவதில் ஜோக்கர் வந்ததும் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான். மூன்றாவது ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்து, "அம்மா, பேட்மேன் எப்ப வருவார்?" என்று கேட்டான். 2012இல் கோயம்புத்தூரில் இறங்கி இந்தப் படம் பார்த்தபோது எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார், இதைவிடக் கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்து.

அதனால்தான் இந்த இழை. அன்றைக்கு அந்த அரங்கத்தில் வில்லன் பேட்மேனின் முதுகை உடைக்கிற காட்சியில் ஒரு சத்தமும் இல்லை. அப்படியே இடைவேளை விட்டார்கள், ஜனங்கள் பேசாமல் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போனார்கள். கடைசியில் அந்த இளம் போலீஸ்காரனின் உண்மையான பெயர் ராபின் (காமிக்ஸில் பேட்மேனின் கூட்டாளி பெயர்) என்று வந்ததும் பாதிப் பேர் விசில் அடித்தார்கள், மீதிப் பாதி "யாருப்பா அது ராபின்?" என்று பக்கத்து சீட்டைக் கேட்டார்கள். உங்கள் தியேட்டரில் என்ன நடந்தது? இப்போது மறுபடி பார்த்தால் என்ன தோன்றுகிறது? படத்தைத் திட்டுகிறவர்களும் வரலாம். நானே பாதி திட்டுகிற கட்சிதான்.


தேயிலைத்தூசி
ஞாயிறு இரவு 9.15

அக்கா கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன். நான் முழுசாகத் திட்டுகிற கட்சி.

முதலில் வில்லன் பெயர். பேன். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் எப்படி பயப்படுவது? குன்னூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது பாட்டி எதற்காக இவ்வளவு கலவரம் என்று கேட்டார், தங்கை "பேன் வந்துடுச்சு பாட்டி" என்றாள், பாட்டி சீப்பைத் தேட எழுந்துவிட்டார். அதோடு அந்தப் படம் எங்கள் வீட்டில் நகைச்சுவைப் படமாகிவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். பேன் பங்குச்சந்தைக்குள் நுழையும்போது பட்டப்பகல். பைக்கில் வெளியே வந்து ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டினால் நல்ல இருட்டு. இருட்டினால்தானே பேட்மேன் வருவார், அதற்காகச் சூரியனையே சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் உள்ள போலீஸ் மொத்தப் பேரும் மாதக்கணக்கில் பாதாளத்தில் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது இஸ்திரி போட்ட மாதிரி வருகிறார்கள். பேட்மேனான ப்ரூஸ் வேனுக்கு முதுகெலும்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, கயிற்றில் தொங்கவிட்டு முதுகில் ஒரு குத்து, சரியாகிவிட்டது. புத்தூர்க் கட்டு போடுகிறவர்கள்கூட ஆறு வாரம் அசையாதே என்பார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது, பேன் அடைத்துப்போட்ட அந்தக் குழிச் சிறையில் இருந்து ஏறியவர் தன் ஊரான காதம் நகரத்துக்கு எப்படி வந்தார்? கையில் காசில்லை, பாஸ்போர்ட் இல்லை. பாலத்தை எல்லாம் தகர்த்து, மிச்சம் இருக்கிற ஒரே பாலத்திலும் ராணுவம் நிற்கிறது. நம் மலைக்கு ஒருவர் காரில் ஏறுவதற்கே 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். அவர் மட்டும் எந்த பாஸில் உள்ளே வந்தார்?


மேட்டுப்பாளையத்தான்
ஞாயிறு இரவு 9.48

மலையடிவாரத்தில் இருந்து ஒருவன் பேசலாமா? நான் காமிக்ஸ் படிக்கிறவன், அதனால் என் எரிச்சல் வேறு மாதிரி.

முதுகு உடைவது எங்களுக்கு அதிர்ச்சியே இல்லை. 1993இல் காமிக்ஸில் பேன் அதைச் செய்து முடித்துவிட்டான். உடைப்பான் என்று தெரிந்துதான் டிக்கெட் வாங்கினோம், எப்படி உடைப்பான் என்று பார்க்கத்தான் போனோம். நகரத்தைத் துண்டித்துத் தனியாக விட்டுவிடுகிற கதையும் 1999இல் காமிக்ஸில் வந்ததுதான். இரண்டையும் ஒரே படத்தில் அடைத்ததால்தான் பை கிழிந்துவிட்டது. தூசி அண்ணன் சொல்லும் ஓட்டைகளில் பாதி நகரம் துண்டாகிக் கிடக்கிற அந்த ஐந்து மாதத்தை இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டிய அவசரத்தில் வந்தவை. படம் கிட்டத்தட்ட 165 நிமிடம் ஓடுகிறது, அப்படியும் நேரம் போதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தைப் பற்றிய சண்டை படம் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 2011 டிசம்பரில் படத்தின் தொடக்கத்தில் வரும் விமானக் காட்சியை மட்டும் ஐமேக்ஸ் என்ற பெரிய திரை அரங்குகளில் போட்டுக் காட்டினார்கள். பேன் முகமூடிக்குள் பேசுவது ஒரு எழுத்தும் புரியவில்லை என்று ஒரே கூச்சல். படம் வருகிற வாரத்தில் குறை சொல்லி எழுதிய விமர்சகர்களுக்குக் கொலை மிரட்டல் வரை போய், விமர்சனங்களைத் தொகுக்கிற ராட்டன் டொமேட்டோஸ் தளம் அந்தப் படத்துக்குக் கருத்துப் பகுதியையே மூடியது. ஒருத்தரும் இன்னும் படம் பார்க்கவில்லை, சண்டை மட்டும் ஹவுஸ்ஃபுல்.

அப்புறம் 2012 ஜூலை 20, படம் வந்த நாள். கொலராடோவில் அரோரா என்ற ஊரில் நள்ளிரவுக் காட்சியில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 12 பேர் இறந்தார்கள். பாரிஸில் நடக்க இருந்த முதல் காட்சி விழாவை ரத்து செய்தார்கள். அமெரிக்க ரசிகர்கள் அந்த முதல் வாரத்தில் எப்படி ரசித்தார்கள் என்று யாராவது கணக்கு எடுத்தால் எனக்கு அது புரியாது. சினிமாவுக்குப் போகவே பயந்த வாரம் அது.


கூடலூர் மழை
ஞாயிறு இரவு 10.20

நான் ரசிகன். சண்டைக்கு வரவில்லை, ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

2012 ஜூலை. கூடலூரில் ஜூலை என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும், குடைக்கு உள்ளேயும் மழை பெய்யும். நானும் என் கல்லூரி நண்பனும் காலை பஸ் பிடித்து, நடுவட்டம் வழியாக வாந்தி எடுத்துக்கொண்டே (அவன்தான், நான் இல்லை) மலை ஏறிப் படம் பார்க்க வந்தோம். எந்த ஊர், எந்த தியேட்டர் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பால்கனியில் ஒரு இடத்தில் ஒழுகியது, அந்த சீட்டில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அமைதியான காட்சியில் எல்லாம் டொக், டொக் என்று கேட்கும்.

பேட்மேன் வெடிகுண்டைத் தூக்கிக்கொண்டு கடல் மேல் பறக்கிறார். வெளிச்சம். காளான் மாதிரி புகை. கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் ஏதோ முனகியது, ஓடவில்லை. பத்து நிமிடம் இருட்டு. ஒருவர் "முடிஞ்சுதுப்பா, செத்துட்டாரு, வாங்க" என்று எழுந்தார். பின்னாலேயே நாலு பேர், அப்புறம் ஒரு வரிசை. கடைசி பஸ் கணக்கு வேறு. என் நண்பனும் எழுந்துவிட்டான். கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன், நீ இரு என்று சொல்லிவிட்டு நான் போனேன், திரும்பி வரும்போது படம் ஓடுகிறது. கல்லறை, போலீஸ் கமிஷனர் கோர்டன் புத்தகத்தில் இருந்து வாசிப்பது, ப்ரூஸை வளர்த்த வேலைக்காரர் ஆல்ஃபிரட் அழுவது, அப்புறம் அந்த காபிக் கடை. மொத்தம் முப்பது பேர்தான் அதைப் பார்த்திருப்போம். அந்த முப்பது பேரும் கைதட்டினோம். வெளியே வந்தால் நண்பன் பஸ் நிலையத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறான்.

விஷயம் என்னவென்றால் அவன் இன்றுவரை அந்தக் கடைசிப் பகுதியைப் பார்க்கவில்லை. பேட்மேன் ஊருக்காக உயிரைக் கொடுத்தவர் என்பது அவன் முடிவு. எனக்கு, அவர் எங்கேயோ உட்கார்ந்து காபி குடிக்கிறார். ஒரே டிக்கெட், அடுத்தடுத்த சீட்.


தேயிலைத்தூசி
ஞாயிறு இரவு 10.31

உங்கள் நண்பர் பார்த்ததுதான் நல்ல படம். நான் கையெழுத்து போட்டுத் தருகிறேன்.

அணுகுண்டை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து சம்பந்தமே இல்லாமல் ஃப்ளோரன்ஸில் ஓர் ஓட்டலில் சிரித்தால் அந்தத் தியாகத்துக்கு என்ன அர்த்தம்? அதுவும் நிஜமா என்பதே சந்தேகம். வருடா வருடம் அங்கே போய், ஒரு நாள் நீ உன் குடும்பத்தோடு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மாட்டேனா என்று நினைத்துக்கொள்வேன் என்று ஆல்ஃபிரட்டே முதலில் சொல்கிறார். கடைசியில் அதே காட்சி அப்படியே வருகிறது. கிழவருடைய கனவு அது.


பிங்கர்போஸ்ட் அக்கா
ஞாயிறு இரவு 10.44

கனவு இல்லை. இன்று மதியம்தான் பார்த்தேன், சூடாகச் சொல்கிறேன். குண்டைத் தூக்கிக்கொண்டு போன அந்த விமானத்தில் தானியங்கி வேலை செய்யவில்லை என்று படம் முழுக்கச் சொல்கிறார்கள். கடைசியில் அந்த விமானத்தைக் கொடுத்த ஃபாக்ஸ் போய் விசாரித்தால், அதை ஆறு மாதத்துக்கு முன்பே ப்ரூஸ் வேன் சரிசெய்து வைத்துவிட்டார் என்கிறார்கள். வீட்டுச் சாமான் கணக்கு எடுக்கும்போது ப்ரூஸின் அம்மாவுடைய முத்து மாலையை மட்டும் காணவில்லை. பேட்மேனைக் கூப்பிடுகிற அந்த விளக்கைப் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கனவு காண்கிற ஆல்ஃபிரட்டுக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. வேண்டுமென்றே முடிச்சு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

என் பையனுக்கு இந்தச் சர்ச்சையே புரியவில்லை. "சிரிக்கிறார்ல? அப்ப உயிரோட இருக்கார்" என்றான்.


கோத்தகிரி தேன்
திங்கள் காலை 6.35

காலை வணக்கம். மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, டீ போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லோரும் கடைசிக் காட்சியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் குழிதான் படம். வெளிப்புறக் காட்சியை 2011 மே மாதம் ஜோத்பூரில் எடுத்தார்கள், அவர் ஏறி வெளியே வந்ததும் தூரத்தில் மெஹ்ரான்கர் கோட்டை தெரியும். நம் நாட்டில் எடுத்த காட்சி என்று தெரிந்தபோது ஒரு சின்னச் சந்தோஷம், அவ்வளவுதான். அந்தக் கோஷம் இருக்கிறதே, கைதிகள் எல்லோரும் சேர்ந்து கத்துவது, அதற்கு இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் இணையத்தில் ரசிகர்களிடம் குரல் கேட்டு வாங்கி ஆயிரக்கணக்கான குரல்களைச் சேர்த்தார். அது அரங்கத்தில் கேட்கும்போது காலில் இருந்து ஏறும்.

ஆனால் கயிறு விஷயத்தில் எனக்கு ஒரு சண்டை உண்டு. இரண்டு தடவை கயிறு கட்டிக்கொண்டு ஏறி விழுகிறார். கயிறு இல்லாமல் ஏறு, அப்போதுதான் பயம் திரும்ப வரும், பயம் வந்தால்தான் தாண்டுவாய் என்கிறார் அந்தச் சிறையில் இருக்கிற ஒரு கிழவர். மூன்றாவது தடவை கயிறு இல்லாமல் தாண்டுகிறார். தியேட்டரில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள், நானும் கத்தினேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் பக்கத்துக் குறும்பர் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பெருந்தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிறவர். கொடியில் ஏணி கட்டி, புகை போட்டு, இருட்டில் இறங்குவார்கள். கீழே ஒன்றும் தெரியாது. மேலே கயிற்றைக் காப்பது பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான், கூடப்பிறந்தவன் கையில்கூடக் கொடுக்க மாட்டோம் என்பார். மச்சான் விட்டுவிட்டால் அவன் தங்கச்சிதானே தாலி அறுப்பாள், அதனால் விட மாட்டான். அவரிடம் போய், பேட்மேன் கயிற்றைக் கழற்றிவிட்டு ஏறினார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அவருக்கு மச்சான் இல்லையா?" என்று கேட்டார்.

பதிலே சொல்ல முடியவில்லை. படத்தில் அந்த நேரத்தில் அவருக்கு யாருமே இல்லை, ஆல்ஃபிரட்டும் பாதிப் படத்திலேயே கிளம்பிப் போய்விட்டார்.


36 கொண்டை ஊசி
திங்கள் காலை 9.05

கல்லட்டி மலைப்பாதையில் தினமும் ஜீப் ஓட்டுகிறவன் சொல்கிறேன், பயம் இருந்தால்தான் வண்டி பத்திரமாக இறங்கும் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. பயம் விட்டவன்தான் முதல் வளைவிலேயே போவான். அந்தக் கிழவர் சொன்னது சரி. ஆனால் பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் இறங்குவதில்லை. தேன் அண்ணன் சொன்ன பெரியவர் பக்கம் நான்.

படம் எனக்குப் பிடிக்கும். தமிழ் டப்பிங்கில் பார்த்தேன், பேன் பேசியது எல்லாம் தெளிவாகப் புரிந்தது, இங்கிலீஷில் பார்த்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்.


தேயிலைத்தூசி
திங்கள் மதியம் 1.20

சாப்பாட்டு இடைவேளை. இரவு கிண்டலாகவே எழுதிவிட்டேன், உண்மையில் எனக்கு எரிச்சல் எதில் என்றால் அந்த நடுப்பகுதியில்.

பேன் பங்குச்சந்தையைத் தாக்குகிறான், பணக்காரர்களைத் தெருவுக்கு இழுக்கிறான், நகரம் உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். 2011இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் ஜனங்கள் பணக்காரர்களை எதிர்த்துக் கூடாரம் போட்டு உட்கார்ந்த அதே வருடத்தில் எடுத்த படம். அதில் ஏழைகள் எல்லாம் யார்? சோபாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். அல்லது முதல் படத்து வில்லன் ஸ்கேர்குரோ நீதிபதியாக உட்கார்ந்திருக்கிற அந்தக் கோமாளி நீதிமன்றத்தில் கைதட்டுகிறவர்கள். பச்சைத்தேயிலைக்கு விலை கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்தால்கூட, பார்க்கிறவர்கள் இப்படித்தான் ஒரு கூட்டம் என்று பார்க்கிறார்கள். ஒரு ஏழைக்காவது ஒரு நல்ல வசனம் கொடுத்திருக்கலாம். அந்தத் திருட்டுப் பெண் செலீனா ஒருத்திதான் புயல் வருகிறது என்று ஆடிக்கொண்டே காதில் சொல்கிறாள், அவளையும் கடைசியில் ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.


மேட்டுப்பாளையத்தான்
திங்கள் மதியம் 2.02

இது நியாயமான குறை. ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்தப் படத்தின் உண்மையான எதிரி பேன் கிடையாது, இரண்டாவது படம். அதில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் இறந்துபோனார், படம் ஜூலையில் வந்தது, அடுத்த வருடம் அவருக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். படத்துக்கு மொத்தம் எட்டுப் பரிந்துரை, இரண்டு விருது. மூன்றாவது படத்தில் ஜோக்கர் பெயரை ஒருவர்கூட உச்சரிப்பதில்லை, ஆனால் தியேட்டரில் இருந்த எல்லோர் மண்டையிலும் அவன்தான். இரண்டு படமுமே உலக வசூலில் 100 கோடி டாலரைத் தாண்டின, மூன்றாவதுக்கு ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. வீட்டில் முதல் பையன் மாநில ரேங்க் வாங்கிவிட்டால் தம்பி எவ்வளவு வாங்கினாலும் திட்டுதான்.


பிங்கர்போஸ்ட் அக்கா
திங்கள் இரவு 7.30

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் இந்து நகரில், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், 1960இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே படச்சுருளும் இங்கேதான் செய்தார்கள். இப்போது மூடிக்கிடக்கிறது. சுருளில் வெளிச்சம் பட்டால் போச்சு என்பதால் அவர் இருந்த பகுதியில் இருட்டில்தான் வேலை. எதிரே ஆள் வருவது தெரியாது, அதனால் நடக்கும்போது வாயால் ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே நடப்பார்களாம். அப்பா இன்றும் கரண்ட் போனால் தன்னை அறியாமல் மெல்ல விசில் அடித்துக்கொண்டே சமையலறைக்கு நடப்பார். நேற்றும் அடித்தார்.

அவருக்குக் கதையில் அக்கறையே இல்லை. படம் ஓடும்போது திடீரென்று மேலும் கீழும் இருக்கிற கறுப்புப் பட்டை போய், படம் டிவி முழுக்க நிறையும், பார்த்திருக்கிறீர்களா? பெரிய படச்சுருள் போடுகிற ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் அவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. எனக்கு 2012இல் இருந்து இதுவரை அது கண்ணில் படவில்லை. அப்பா முதல் காட்சியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, "சுருள் மாறிடுச்சு" என்றார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் "இது பெருசு", "இது சின்னது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பையனும் சேர்ந்துகொண்டான். பேட்மேன் எப்போது வருவார் என்பதை விட்டுவிட்டு, அடுத்து பெருசு எப்போது வரும் என்று இரண்டு பேரும் பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தாத்தாவுக்கு ஏழு ரூபாய் பாக்கி.

காபிக் கடைக் காட்சி முடிந்ததும் அப்பாவிடம் நிஜமா கனவா என்று கேட்டேன். "ஃபிலிம்ல எடுத்திருக்கான், இருக்கும்" என்றார்.


தேயிலைத்தூசி
திங்கள் இரவு 7.41

இந்த ஆளை எதிர்த்து என்னால் வாதாட முடியாது. கனவு என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மற்ற எல்லாக் குறைகளும் அப்படியே நிற்கின்றன.


கோத்தகிரி தேன்
திங்கள் இரவு 8.10

அக்கா, அப்பாவுக்கு என் வணக்கம். கூடலூர் தம்பி, உங்கள் நண்பரை ஒரு நாள் உட்கார வைத்து அந்தக் கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டக் கூடாதா? எத்தனை வருஷமாயிற்று.


கூடலூர் மழை
திங்கள் இரவு 9.55

அண்ணா, நீங்கள் சொன்னதற்காக இப்போதுதான் போன் போட்டேன். திருப்பூரில் இருக்கிறான், பனியன் கம்பெனி. படம் ஞாபகம் இருக்கிறதா என்றேன், வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறது என்றான். அப்புறம் முழுக்கச் சொன்னேன்: தானியங்கி, முத்து மாலை, விளக்கு, ஃப்ளோரன்ஸ், ஆல்ஃபிரட் எதிர் மேசையைப் பார்த்துத் தலையை ஆட்டுவது, எல்லாம். நடுவில் குறுக்கிடாமல் கேட்டான்.

கடைசியில், "டேய், கரண்ட் போன நேரத்தில நீங்க முப்பது பேரும் சேர்ந்து கட்டின கதைதானே இது?" என்றான்.

டிஸ்க் யாரிடமாவது கடன் கிடைக்குமா? அவன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். பெருசு சின்னது வருகிற டிஸ்க்காக இருந்தால் நல்லது.


பிங்கர்போஸ்ட் அக்கா
திங்கள் இரவு 10.02

என்னுடையதைத் தருகிறேன். ஊட்டிக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்பா கேட்பதற்குள் திருப்பித் தர வேண்டும்.